காலைக் குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் டிராக்டர்

சென்ற குளிர்காலத்தில் என் டிராக்டருக்குப் புதிய பேட்டரி ஒன்றையும், மூன்று வாரம் கழித்து, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் புதிதாக ஒன்றையும் வாங்கிப் பொருத்தினேன். இரண்டுமே வீண் செலவு என்பது நான்காவது வாரத்தில்தான் தெரிந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் எர்த் பட்டை கியர் பாக்ஸின் உடம்பைத் தொடும் இடத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய பரப்பில், நானே பூசிய பெயின்ட்டுக்கு அடியில் பழுது ஒளிந்திருந்தது. அந்த நான்கு வாரங்களில் கற்றதையும், வேறு குளிர்காலங்களில் வேறு பழுதுகளிடம் கற்றதையும் ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இனி யாரும் அளந்து பார்க்காமல் பாகம் மாற்ற வேண்டாம் என்பதுதான் இதை எழுதுவதற்கான காரணம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்காகவோ, எஞ்சினைப் பொறுத்து இருபத்திரண்டில் ஒரு பங்காகவோ நெருக்கும்போது பிறக்கும் சூடு மட்டுமே டீசலைப் பற்ற வைக்கிறது. கசிவும் வெப்ப இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டு 18 மடங்கு நெருக்கத்துக்குக் கணக்குப் போட்டால், 30 டிகிரி செல்சியஸில் உள்ளே நுழைந்த காற்று ஏறத்தாழ 690 டிகிரிக்கும், 0 டிகிரியில் நுழைந்த காற்று ஏறத்தாழ 595 டிகிரிக்கும் சூடாகும். வெளியே 30 டிகிரி குறைந்தால் உள்ளே 95 டிகிரி குறைகிறது. அதாவது குளிர் சிலிண்டருக்குள் மூன்று மடங்காகப் பெருகுகிறது. ஆனாலும் 595 டிகிரி என்பது டீசல் பற்றிக்கொள்ளத் தாராளமாகப் போதும். அப்படியானால் வண்டி ஏன் கிளம்புவதில்லை?

கசிவும் இழப்பும் இல்லை என்று நாம் வைத்துக்கொண்டதில்தான் சிக்கல் இருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது நெருங்கும் காற்றுக்குக் குளிர்ந்த சிலிண்டர் சுவரிடம் தன் சூட்டைக் கொடுக்கவும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் இடைவெளி வழியாகக் கீழே நழுவவும் வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது. அந்த இழப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதே 0 டிகிரிக் காற்று நானூறு டிகிரியைக்கூடத் தொடாமல் நின்றுவிடலாம். சுற்று மிகவும் மந்தமாகவும் ரிங்குகள் தேய்ந்தும் இருந்தால் இருநூற்றுச் சொச்சத்திலேயே முடிந்துவிடலாம். டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலை 210 டிகிரி செல்சியஸை ஒட்டித் தொடங்குகிறது என்றாலும், அது ஆய்வுக்கூடத்தில் நிதானமாகக் காத்திருந்து அளக்கும் எண். சிலிண்டருக்குள் சில மில்லி நொடிகளுக்குள் பற்றியாக வேண்டும் என்பதால் அதைவிட வெகு அதிகமான சூடு தேவைப்படுகிறது. ஆகவே குளிர்ந்த காற்றைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்ப்பதே முறை. என் அனுபவத்தில் குளிர்காலத் தகராறுகளில் பெரும்பாதி இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துபோகின்றன.

சுற்றும் வேகத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. செல்ஃப் அடிக்கும் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு நிதானமாக ஓடவிட்டு, ஐந்து நொடிகளில் எத்தனை முறை எஞ்சின் "தம் பிடித்து" விடுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். மூன்று சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு மூன்று கம்ப்ரஷன் (காற்றை நெருக்கும் வீச்சு) வரும். எனவே ஐந்து நொடியில் 25 துடிப்புகள் கேட்டால் நிமிடத்துக்கு 200 சுற்று, 12 அல்லது 13 கேட்டால் 100 சுற்று. நான்கு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு நான்கு துடிப்பு என்று கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். 200 சுற்றை ஒட்டி இருந்தால் செல்ஃபையும் பேட்டரியையும் விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். 100 சுற்றுக்கு அருகில் தள்ளாடினால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் அதற்கு டீசல் தள்ளும் பம்பையும் கழற்றத் துடிக்கும் கையைக் கட்டிப்போட்டுவிட்டு மின்சாரப் பக்கம் வர வேண்டும். வெயில் காலத்திலேயே ஒரு பதிவு எடுத்து வைத்திருப்பவர் பாக்கியசாலி. ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.

இதனோடு கூடவே பார்க்க வேண்டியது புகை. செல்ஃப் சுற்றும்போது ஒருவர் சைலன்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புகையே வராவிட்டால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை என்று பொருள். பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. சூடு போதவில்லை, அல்லது இன்ஜெக்‌ஷன் நேரம் பிந்தியிருக்கிறது. நீலப் புகை எஞ்சின் ஆயிலுடையது. கறுப்புப் புகை கிளம்பாத வண்டியில் அரிதாகவே வரும். வந்தால் ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். இந்த ஒரு பார்வை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்றாலும், இருட்டுக் காலையில் இருக்கையில் உட்கார்ந்தபடி சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. நானும் பல நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரிக்கு வருவோம். ஈய அமிலப் பேட்டரிக்குள் நடப்பது வேதி வினை. குளிரில் அது மந்தமாகிறது. 0 டிகிரியில் அதன் திறன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகவும், மைனஸ் 18 டிகிரியில் பாதியை ஒட்டியும் குறைந்துவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்படுவதால் எஞ்சினைச் சுழற்றத் தேவைப்படும் விசை கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது என்பதால்தான் வெயிலில் குறை தெரியாமல் ஓடிய பேட்டரி முதல் கடுங்குளிரில் கைவிடுகிறது. முழுவதும் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும்; 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். மூடி திறக்கும் வகையாக இருந்தால் ஹைட்ரோமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி ஒவ்வொரு செல்லிலும் 1.265 முதல் 1.280 வரை இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரியின் காலம் முடிந்தது. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போவதால் அது உறைந்துகூடப் போகும். உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவோ, வேறு பேட்டரியை இணைத்து வண்டியைக் கிளப்பவோ கூடாது, வெடிக்கும்.

ஓய்வில் காட்டும் வோல்ட்டைவிட முக்கியமானது சுற்றும்போது காட்டும் வோல்ட். டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து எஞ்சின் கிளம்பாதபடி செய்துகொண்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மல்டிமீட்டரைப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே, கிளாம்பில் அல்ல, அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. என் வண்டியில் அந்த எண் 10.4 என்று இருந்தது. "பேட்டரி நன்றாக இருக்கிறதே" என்று மகிழ்ந்தேன், அதனால் செல்ஃப் மோட்டாரைக் குற்றவாளியாக்கினேன். எஞ்சின் இவ்வளவு மந்தமாகச் சுற்றும்போது பேட்டரி மட்டும் இவ்வளவு தெம்பாக நிற்பதே ஒரு துப்பு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மின்சாரம் வழியில் எங்கோ தடுக்கப்படுவதால்தான் பேட்டரிக்குப் பாரம் ஏறவில்லை.

புதிய செல்ஃப் மோட்டாரும் பழையதைப் போலவே முனகிய காலையில், பக்கத்தில் நின்ற என் மாமா சொன்ன ஒரு வார்த்தைதான் வழியைத் திறந்தது. "மாப்பிள்ளை, பத்து நொடி செல்ஃப் அடித்துவிட்டு ஒயர் முனைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறதோ அதுதான்" என்றார். எஞ்சின் மூடி, இருக்கை, சக்கரம், எல்லாமே பனியில் நனைந்து விரலைச் சில்லிட வைத்த அந்த நேரத்தில், பேட்டரி முனைகள் குளிர்ந்திருந்தன, செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் திறந்துவிடும் சோலனாய்டின் போல்ட் குளிர்ந்திருந்தது, கியர் பாக்ஸின் ஓரத்தில் எர்த் பட்டை முடுக்கப்பட்ட போல்ட் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் மேல் படிந்திருந்த பனிநீர் ஒரு வட்டமாகக் காய்ந்திருந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

பிறகு மீட்டரால் உறுதி செய்துகொண்டேன். செல்ஃப் சுற்றும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டிலும் வைத்தால் அந்த வழியில் தொலையும் வோல்ட் தெரியும், எனக்கு 0.3 காட்டியது. அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அடுத்துப் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கு அளந்தபோது 1.8 காட்டியது, அங்கே 0.2 அல்லது 0.3-க்கு மேல் இருக்கக் கூடாது. பேட்டரியில் 10.4 இருந்தும் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 8.3 மட்டுமே. 250 ஆம்பியர் ஓடியதாக வைத்துக்கொண்டால், 1.8 வோல்ட் இழப்பு என்பது அந்தச் சிறிய இணைப்பில் 450 வாட் வெப்பம். பனி காய்ந்ததில் வியப்பில்லை. கோடையில் வண்டிக்கு நானே பெயின்ட் அடித்தபோது எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட் காய்ந்த பிறகு அதன் மேலேயே முடுக்கியிருக்கிறேன். போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் மழைக்காலத் துருவுக்குப் பிறகு திணறத் தொடங்கியது. ஆயில் இளகியிருந்த நாட்களில் அந்த 8.3 வோல்ட்டே போதுமானதாக இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. எமரித் தாளால் இரும்பு வெளுக்கத் தேய்த்து, பட்டையை முடுக்கி, மேலே சிறிது வேஸ்லின் தடவினேன். மறுநாள் காலை ஐந்து நொடியில் 26 துடிப்பு.

இதையே ஆயிலின் பக்கமிருந்தும் பார்க்கலாம். ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், டபிள்யூ-க்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் அது எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் தரப்படி 20டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சுழற்சிச் சோதனை மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூ-க்கு மைனஸ் 20-லும், 10டபிள்யூ-க்கு மைனஸ் 25-லும், 5டபிள்யூ-க்கு மைனஸ் 30-லும் நடத்தப்படுகிறது. அந்த வெப்பநிலை வரை எஞ்சின் சுகமாகச் சுற்றும் என்று இதற்குப் பொருளில்லை; அதுதான் கடைசி எல்லை என்று பொருள். எல்லைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி மேலேயே எஞ்சின் கனமாக உணரப்படும். கையேடு அனுமதிக்கும் பட்டியலில் குளிர்காலத்துக்கு உரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதும், கெடு தாண்டிக் கறுத்துக் கெட்டியான ஆயிலைக் குளிர் தொடங்குவதற்கு முன் மாற்றுவதும் பேட்டரி மாற்றுவதைவிட மலிவான மருத்துவம்.

எஞ்சின் ஆயில் மட்டுமல்ல, கியர் பாக்ஸ் ஆயிலும் குளிரில் குழம்பாகிறது. கியரை நியூட்ரலில் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிளட்ச் இணைந்திருக்கும்வரை கியர் பாக்ஸின் உள்தண்டும் சேர்ந்தே சுற்றுகிறது. கிளட்ச்சை முழுவதுமாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் அந்தச் சுமை விலகும். பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு விலக்கப்பட்டிருக்க வேண்டும், ஹைட்ராலிக் லீவர் கீழே இருக்க வேண்டும். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃபே எடுக்கும்படி சுவிட்ச் வைத்த வண்டிகளில் இது பழக்கமாகவே வந்துவிடுகிறது. பழைய வண்டிக்காரர்கள்தான் மறந்துபோகிறார்கள். வால்வைத் திறந்து வைத்து நெருக்கத்தைத் தளர்த்தும் டெகம்ப்ரஷன் லீவர் உள்ள எஞ்சின்களில், அதை இழுத்துப் பிடித்து எஞ்சினை வேகமெடுக்க விட்டுப் பிறகு விடுவதும் இதே நோக்கத்துக்குத்தான்.

செல்ஃபைத் தொடர்ந்து அடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது. இடையில் இரண்டு நிமிடமாவது விட வேண்டும். அந்த இடைவெளியில் மோட்டாரின் சுருள் ஆறுவதோடு பேட்டரியும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும். அவசரப்பட்டு அடித்துக்கொண்டே இருப்பவருக்கு மோட்டார் போகும், அதோடு காலைப்பொழுதும் போகும்.

வேகம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தால், சூடேற்றும் அமைப்பைப் பார்க்க வேண்டும். குளோ பிளக் என்றும் ஹீட்டர் பிளக் என்றும் சொல்லப்படுவது ஒவ்வொரு சிலிண்டரின் எரி அறைக்குள்ளும் நீட்டியிருக்கும் சிறிய மின்கோல். அதைச் சோதிக்க, எல்லாப் பிளக்குகளையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மின்தடை பார்க்க வேண்டும். பொதுவாக அரை ஓம் முதல் இரண்டு ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் அந்தப் பிளக் செத்தது. பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நல்ல பிளக் கெட்டதை மறைத்துவிடும். இந்தத் தவற்றைச் செய்யாதவர் குறைவு. மலிவான மீட்டரின் ஒயர்களே அரை ஓம் காட்டும் என்பதால், முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அந்த எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிளக்குகள் எல்லாம் நன்றாக இருந்தால் சாவியைச் சூடேற்றும் நிலையில் வைத்துப் பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ். டேஷ்போர்டில் விளக்கு எரிவது பிளக்குகள் சூடாவதற்கு அத்தாட்சி ஆகாது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் பழைய 12 வோல்ட் பிளக்குகளுக்குச் சரி. புதிய எஞ்சின்களில் அதைவிடக் குறைந்த வோல்ட்டில் இயங்கும் பிளக்குகள் உண்டு, அவை சில நொடிகளில் கருகிவிடும்.

நேரடியாக பிஸ்டன் தலைமேல் டீசல் பீய்ச்சும் எஞ்சின்கள் பலவற்றில், என்னுடையதும் அப்படித்தான், சிலிண்டருக்கு ஒரு பிளக் இருக்காது. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் ஒற்றை ஹீட்டர் இருக்கும். சில வகைகளில் அது வெறும் சூடான வலை. வேறு சில வகைகளில் சுருள் பழுத்தவுடன் ஒரு சிறு வால்வு திறந்து டீசல் துளிகள் அதன் மேல் விழுந்து, செல்ஃப் அடித்துக் காற்று ஓடத் தொடங்கியதும் மேனிஃபோல்டுக்குள்ளேயே ஒரு சிறு சுடர் எரியும். இந்த இரண்டாம் வகையில் சுருள் நன்றாக இருந்தும் டீசல் வரும் மெல்லிய குழாய் அடைத்தோ காலியாகவோ இருந்தால் பயன் கிடைக்காது. பதினைந்து இருபது நொடி சூடேற்றி, செல்ஃப் அடித்து நிறுத்தியபின் மேனிஃபோல்டைத் தொட்டால், ஹீட்டர் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சூடு உறைக்க வேண்டும்.

இங்கே ஈதர் ஸ்பிரே பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈதர் 160 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும். சிவந்து பழுத்த பிளக்கோ மேனிஃபோல்டு ஹீட்டரோ உள்ள எஞ்சினில் அதை அடித்தால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே, சில நேரம் மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும். ரிங் உடைந்த பிஸ்டனையும் கிழிந்த ஏர் ஹோஸையும் நான் பார்த்திருக்கிறேன். சூடேற்றும் அமைப்பு ஏதும் இல்லாத பழைய எஞ்சினில், கையேடு அனுமதித்தால் மட்டும், செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது சிறிதளவு அடிக்கலாம் என்பார்கள். நான் அதையும் செய்வதில்லை. ஸ்பிரே அடித்தால் கிளம்பும் எஞ்சின் தன் உண்மையான குறையை மறைத்துக்கொண்டு நாளுக்கு நாள் தேய்கிறது.

சிலிண்டர் பிளாக்கின் தண்ணீரைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இவை எல்லாவற்றையும்விட நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. இரவு முழுவதும் ஓட வேண்டியதில்லை. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இணைப்புக் கொடுத்தால் போதும். எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டும் வழக்கத்தை இனிமேலாவது விட்டுவிட வேண்டும். ஆயில் கசிந்த எஞ்சினும் டீசல் ஹோஸும் அதற்கு மேலேதான் இருக்கின்றன.

இனி, புகையே வராத வண்டி. முதலில் ஸ்டாப் கேபிள் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், குளிரில் கிரீஸ் உறைந்து கேபிள் பாதி வழியில் நின்றுபோவது உண்டு. டீசலைத் திறந்து மூடும் மின்சார ஸ்டாப் சோலனாய்டு உள்ள பம்பில் சாவி போட்டவுடன் "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் மிகவும் இறங்கினால் அந்தச் சோலனாய்டு இழுக்காமல் போய், டீசல் பழுது போன்ற தோற்றத்தை மின்சாரப் பழுது தந்துவிடும். அதனால்தான் மின்சாரத்தை முதலில் பார்க்கச் சொன்னேன்.

டீசலில் இயல்பாகவே கரைந்திருக்கும் மெழுகு, குளிர் ஏற ஏறப் படிகமாகப் பிரிகிறது. முதலில் டீசல் மங்கலாகும். பிறகு அந்தப் படிகங்கள் பில்டரின் தாளில் படிந்து வழியை அடைக்கும். இறுதியில் டீசலே கூழாகிவிடும். பில்டர் அடைபடும் வெப்பநிலையை வைத்துத்தான் குளிர்கால டீசல் தரம் பிரிக்கப்படுகிறது. ஐரோப்பிய இ.என். 590 தரத்தில் மிதமான காலநிலைக்கான வகுப்புகள் பிளஸ் 5 டிகிரியில் தொடங்கி, ஐந்தைந்து டிகிரியாக இறங்கி, மைனஸ் 20 வரை போகின்றன. கடுங்குளிர் நாடுகளுக்கு அதற்கும் கீழே தனி வகுப்புகள் உண்டு. கோடையில் நிரப்பிய டீசல் டேங்கிலேயே கிடந்து குளிர்காலத்தைச் சந்தித்தால் இந்தத் தொல்லை வரும். பயோடீசல் அதிகம் கலந்த டீசலில் இன்னும் முன்னதாகவே வரும். இதன் அடையாளம் தெளிவானது: வண்டி கிளம்பும், சில நிமிடம் ஓடும், பிறகு வேகம் குறைந்து அணையும். பில்டருக்கு அப்பால் தேங்கியிருந்த நல்ல டீசல் தீரும்வரைதான் அந்த ஓட்டம். பில்டரைச் சுற்றித் துணி கட்டி வெந்நீர் ஊற்றினால் தற்காலிகமாக இளகும். மெழுகு பிரியாமல் தடுக்கும் கலவையை டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கூழான பிறகு ஊற்றினால் அது கரைத்துத் தராது. மண்ணெண்ணெய் கலப்பதைப் பலரும் சொல்வார்கள். மெழுகு பிரியும் வெப்பநிலை இறங்குவது உண்மை, ஆனால் பம்புக்குத் தேவையான வழவழப்பும் சேர்ந்தே குறைகிறது, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் தரும் உயர் அழுத்தக் காமன் ரயில் எஞ்சின் அதைத் தாங்காது. பெட்ரோல் கலக்கவே கூடாது, டேங்கே வெடிபொருளாகிவிடும்.

தண்ணீர் இன்னொரு எதிரி. பாதி காலியான டேங்கின் உள்சுவரில் இரவுப் பனி வியர்த்து இறங்கி, கசடு தங்கும் செடிமென்ட் கிண்ணத்தில் சேர்ந்து உறைந்தால் டீசல் ஒரு துளி நகராது. மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைப்பதும், கிண்ணத்தின் அடிமரையைத் தளர்த்தித் தண்ணீரை வடிப்பதும் போதும்.

காற்றுக் கசிவு சற்றுத் தந்திரமானது. டீசல் வெளியே ஒழுகாத அளவு சிறிய இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் குழாயிலிருந்த டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே திரும்பிவிடும். குளிரில் ரப்பர் ஹோஸும் வாஷரும் விறைத்துச் சுருங்குவதால் இந்த வழி இன்னும் எளிதாகிறது. காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் ஃபீடு பம்பின் கை நெம்பைச் சில முறை அழுத்திப் பார்த்தால் போதும்: உடனே இறுகினால் டீசல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இருபது முப்பது முறை சொதசொதவென்று போனால் இரவில் வடிந்திருக்கிறது. அப்படியானால் பில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுக் குமிழ் ஓடுகிறதா என்று பார்க்கலாம். பெரும்பாலும் பில்டர் தலையின் வாஷரோ, குழாயை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷரோதான் காரணமாக இருக்கும். ஒருமுறை கழற்றிய காப்பர் வாஷரை அப்படியே மறுபடி போட்டுவிட்டு, மாதம் முழுவதும் தினமும் குழாயிலிருந்து ஏர் (காற்று) எடுத்துக்கொண்டிருந்த வரலாறு எனக்கும் உண்டு.

வேகம் உண்டு, சூடேற்றல் உண்டு, டீசல் உண்டு, காற்றில்லை, இருந்தும் வெள்ளைப் புகையோடு மல்லுக்கட்டுகிறது என்றால் கம்ப்ரஷனை அளக்கும் நேரம் வந்துவிட்டது. நல்ல எஞ்சினில் பொதுவாக 25 முதல் 30 பார் (அழுத்த அளவு) வரை காட்டும். சரியான எண் கையேட்டில் இருக்கும். சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாடு மொத்த அளவைவிட முக்கியமானது. தாழ்ந்திருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங்கோ, சிலிண்டரின் உள்ளுறையான லைனரோ தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை. ஆயிலைக் கூடுதலாக விட்டுவிடக் கூடாது. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் இடம் மிகக் குறைவு. எஞ்சினைத் திறப்பதற்கு முன் வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் இடையேயுள்ள டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்துவிட வேண்டும். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து இறங்க இறங்க அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒரு நிலையில் வால்வு முழுவதும் மூடாமல் போகும்.

கிளம்பாத வண்டியின் முன்னால் பொறுமை இழந்தவர்கள் செய்யும் ஒரு காரியத்தையும் குறிப்பிட வேண்டும். தரையில் நின்றபடி செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்துக் கிளப்புவது. சாவியும் கிளட்ச் சுவிட்சும் தாண்டப்படுவதால், கியர் விழுந்திருந்தால் வண்டி கிளம்பிய நொடியில் பின் சக்கரம் நிற்பவர் மேல் ஏறும். விலகுவதற்கு நேரமிருக்காது. வேறு பேட்டரியை இணைக்கும்போதும் பாசிட்டிவ்களை முதலில் இணைத்து, கடைசி நெகட்டிவ் முனையைக் கிளம்பாத வண்டியின் பேட்டரியில் அல்ல, அதிலிருந்து விலகிய எஞ்சின் இரும்பில் கடிக்கவிட வேண்டும். பேட்டரி வாயில் தேங்கும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும்.

கிளம்பிய வண்டியை உடனே முறுக்கக் கூடாது. ஆயில் விளக்கு அணைந்தபின் ஆயிரத்தை ஒட்டிய சுற்றில் சில நிமிடம் விட்டு, பிறகு லேசான சுமையில் ஓட்டிச் சூடேற விடுவது, வெறுமனே நெடுநேரம் ஐடிலில் நிறுத்தி வைப்பதைவிட எஞ்சினுக்கு நல்லது.

என் வண்டியின் கதை எர்த் பட்டையோடு முழுவதும் முடிந்துவிடவில்லை. இப்போது அது முதல் முயற்சியிலேயே கிளம்பிவிடுகிறது. ஆனால் கிளம்பியபின் இரண்டு நிமிடம் ஒரு சிலிண்டர் தட்டுத்தடுமாறி வெள்ளைப் புகை விடுகிறது. சென்ற வாரம் அளந்தபோது முதல் இரண்டு சிலிண்டர்கள் 27 பாரும், மூன்றாவது 21 பாரும் காட்டின. ஆயில் விட்டும் மூன்றாவதின் எண் அசையவில்லை. டேப்பெட்டைச் சரிசெய்து பார்த்தாயிற்று, மாற்றமில்லை. உழவு முடிந்ததும் ஹெட்டைக் கழற்றப் போகிறேன். இந்த முறை வால்வைப் பார்க்காமல் புதியதாக எதையும் வாங்குவதாக இல்லை.